வெளிநாட்டுக் கனவோடு சொந்த மாவட்டத்தைச் சுற்றிப் பார்ப்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜப்பான் போக வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. இன்னும் போகவில்லை. அந்த ஆசையை வைத்துக்கொண்டே மூன்று வருடமாக தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களை ஒழுங்காகச் சுற்றி வருகிறேன். முதலில் தனியாகப் போனேன். பிறகு அக்கா மகன் சேர்ந்துகொண்டான். அப்புறம் தெருப் பிள்ளைகள், கூட வேலை பார்ப்பவர்கள் என்று பத்துப் பன்னிரண்டு பேர் ஆகிவிட்டோம்.

புதிதாக வருகிற எல்லோரும் ஒரே மாதிரிதான் தடுமாறுகிறார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை உற்சாகமாகக் கிளம்புவார்கள். மூன்றாவது வாரம், “நம்ம ஊர்ல என்ன இருக்கு” என்று நின்றுவிடுவார்கள். இடம் சரியில்லாததால் அல்ல, போன வரிசை சரியில்லாததால்தான் அப்படி ஆகிறது. அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

கிளம்பும் முன் தேவையானவை: ஒரு நோட்டு, நல்ல பிடிமானம் உள்ள செருப்பு அல்லது ஷூ, இரண்டு லிட்டர் தண்ணீர் கொள்ளும் பாட்டில், ஆதார் அட்டை, சில்லறை. இவற்றோடு வருடத்தில் பன்னிரண்டு நாள். எல்லா நாளும் ஞாயிறாக இருக்கக் கூடாது. ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

1. முதலில் பாஸ்போர்ட், அப்புறம் பரிசல்

ஊர் சுற்றும் வழிகாட்டி பாஸ்போர்ட்டில் தொடங்குவது சிலருக்கு விநோதமாகத் தெரியும். ஆனால் நான் பார்த்தவரை இதுதான் முக்கியமான படி. தூரத்துக் கனவுக்கு ஒரு கால் நட்டுவிட்டால்தான் பக்கத்து ஊர் ஆறுதல் பரிசாகத் தெரியாது. “அங்கே போக முடியாததால் இங்கே வந்தேன்” என்ற நினைப்போடு போகிறவருக்கு எந்த அருவியும் பாதி உயரம்தான்.

அதனால் முதல் மாதம் ஊர் சுற்ற வேண்டாம். இரண்டு வேலைகளை மட்டும் முடியுங்கள்.

ஒன்று, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பது. பெரியவர்களுக்கான 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய். அது 10 ஆண்டு செல்லும். விண்ணப்பிக்கும்போது பக்கத்தில் உள்ள அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்து ஆட்கள் இடறுவது பெயரில். பள்ளிச் சான்றிதழில் ஓர் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, வாக்காளர் அட்டையில் வேறு எழுத்துக்கூட்டல் என்று இருக்கும். இதையெல்லாம் ஒரே மாதிரி ஆக்கிவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள். இனிஷியலை விரித்து, அப்பா பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போடுவது நல்லது. அந்த இடத்தை வெறுமையாக விட்டால் பின்னால் சிக்கல் வரும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது தமிழ்நாட்டுக்காரர்கள் நிறையப் பேர் திண்டாடினார்கள்.

இரண்டு, பணம். அஞ்சலகத்தில் ஆர்.டி. (தொடர் வைப்பு) கணக்கை மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம். ஐந்து வருடக் கணக்கு. உங்களால் முடிகிற தொகையைப் போடுங்கள். அந்தப் பாஸ்புக்கின் அட்டையில் போக வேண்டிய நாட்டின் பெயரை எழுதி வையுங்கள். உள்ளூர்ப் பயணச் செலவை இந்தக் கணக்கிலிருந்து ஒருபோதும் எடுக்காதீர்கள். எடுத்தால் இரண்டு பயணமும் ஒன்றோடொன்று சண்டை போடத் தொடங்கிவிடும்.

2. கனவைப் பிரித்துப் பாருங்கள்

“எனக்கு ஸ்விட்சர்லாந்து போகணும்” என்றான் அக்கா மகன். அங்கே என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அவனுக்கு உடனே சொல்லத் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து வந்து, “மலை மேல பஸ் வளைஞ்சு வளைஞ்சு போறது. கீழ மேகம் இருக்கணும்” என்றான். அந்த பதில் போதும்.

நோட்டின் முன்பக்கத்தில் நாட்டின் பெயரை எழுதி, அதன் கீழே உங்களை இழுப்பது எது என்று மூன்று வரி எழுதுங்கள். நாட்டின் பெயர் வராமல் எழுத வேண்டும். ஆறு பாறையைக் குடைந்து ஓடும் இடம். யாரும் காவல் இல்லாமல் நிற்கும் பழைய கல். மொழி புரியாத சந்தை. விடிய விடிய நடக்கும் நாடகம். இப்படி எழுதினால்தான் அடுத்த படிக்கு வழி கிடைக்கும்.

சிலவற்றுக்கு இங்கே விடை கிடையாது. பனி நம் ஊரில் பெய்யாது. கடலும் இல்லை. அவற்றுக்கு நேரே “அங்கேதான்” என்று எழுதிவிட்டு விட்டுவிடுங்கள். மாற்று தேடாதீர்கள்.

3. பொருத்தம் பார்க்கும்போது பட்டப்பெயர்களை நம்பாதீர்கள்

தளியை “குட்டி இங்கிலாந்து” என்பார்கள். அதை நம்பிப் போனவர்கள் திரும்பி வந்து, “வெயில் கம்மி, அவ்வளவுதான்” என்றுதான் சொல்கிறார்கள். இங்கிலாந்தைத் தேடிப் போனால் தளி கண்ணில் படாது. அங்கே பார்க்க வேண்டியது குளிர்ச்சியான மேட்டு நிலம் விவசாயத்தை எப்படி மாற்றியிருக்கிறது என்பதை. ஓசூர், தளி, பாகலூர், பேரிகை பக்கம் பசுமைக் குடில்களில் ரோஜா வளர்க்கிறார்கள். பிப்ரவரி 14-க்கு முந்தைய வாரங்களில் இங்கிருந்து பூ வெளிநாடுகளுக்கு விமானத்தில் போகிறது. நீங்கள் போக நினைக்கும் ஊருக்கு உங்களுக்கு முன்பே ஓசூர் ரோஜா போய்விட்டது. இதைத் தெரிந்துகொண்டு தளி போங்கள். அந்த மேடு வேறு மாதிரி தெரியும்.

நாங்கள் பார்த்த சில பொருத்தங்களைச் சொல்கிறேன். உங்கள் பட்டியல் வேறாக இருக்கலாம்.

கொரியா போக ஆசைப்பட்ட பக்கத்து வீட்டுப் பெண்ணை சூளகிரிப் பக்கம் மல்லசந்திரத்துக்குக் கூட்டிப் போனோம். அங்கே மலைப்பாறை மேல் கல்திட்டைகள் இருக்கின்றன. பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய மூடுகல் வைத்து, சிலவற்றில் முன்பலகையில் வட்டத் துளை விட்டிருப்பார்கள். கொரியாவில் கோசாங், ஹ்வாசுன், கங்ஹ்வா ஆகிய மூன்று இடங்களின் கல்திட்டைகள் 2000-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னங்கள் ஆயின. இறந்தவர்களுக்காகக் கல்லை நிறுத்தும் வேலையை அங்கேயும் செய்திருக்கிறார்கள், இங்கேயும் செய்திருக்கிறார்கள். அந்தப் பெண் இப்போது கொரியா போனால் முதலில் பார்க்கப்போவது அந்தக் கல்லைத்தான் என்கிறாள். முன்பு அவள் பட்டியலில் அது இல்லவே இல்லை.

என் ஜப்பானுக்குப் பொருத்தமாக வந்தது குடிநீர். இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த தலைமுறை நாங்கள். அதை மாற்ற வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நாட்டு வளர்ச்சி முகமையின் கடனில் கட்டப்பட்டு 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. ஒகேனக்கல் போகும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

மேகமும் வளைவும் கேட்ட அக்கா மகனுக்கு வத்தல்மலை. தருமபுரியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் காப்பித் தோட்டமும் சாமை வயலும் வரும். மழை விட்ட மறுநாள் காலையில் அவன் கேட்ட மேகம் காலுக்குக் கீழேயே இருந்தது.

4. மாதம் பார்த்து வரிசை போடுங்கள்

நிறையப் பேர் தூரத்தை வைத்து வரிசை போடுகிறார்கள். பக்கத்தில் இருப்பது முதலில், தூரம் அப்புறம். அது தப்பு. நம் மாவட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பருவம் உண்டு. அதைத் தவறவிட்டால் வெறும் பாறையையும் காலி மண்டியையும்தான் பார்க்க முடியும்.

தை, மாசியில் கோட்டை மலைகள். வெயில் ஏறாத நேரம் அதிகம். கிருஷ்ணகிரி பக்கத்து ஊர்களில் எருது விடும் விழாவும் இதே மாதங்களில்தான். விழாவுக்குப் போனால் தடுப்புக்கு வெளியே, உயரமான இடத்தில் நில்லுங்கள். ஓடுபாதைக்குள் இறங்கிப் படம் எடுக்கிறவர்கள்தான் அடிபடுகிறார்கள்.

பங்குனி முதல் வைகாசி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து. பதினெட்டு நாள் நடத்தும் ஊர்களும் உண்டு. ஜப்பானின் கபுகி நாடகம் பார்க்க வேண்டும், வேறு நாட்டு நாடகம் பார்க்க வேண்டும் என்று எழுதியவர்கள் முதலில் ஒரு ராத்திரியாவது இங்கே உட்காருங்கள். போர்வை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நடு இரவில் எழுந்துவிடாதீர்கள். கூத்து சூடு பிடிப்பதே அதற்குப் பிறகுதான். கடைசி நாள் காலையில் துரியோதனன் படுகளம். மண்ணால் செய்த பெரிய உருவத்தைக் கிடத்தியிருப்பார்கள். அதைப் பார்க்காமல் வந்தால் கதையின் பாதியில் எழுந்து வந்த மாதிரி.

வைகாசி, ஆனியில் மா. இதற்கு நேரடியாகத் தோப்புக்குப் போங்கள். சாலையோரத்தில் வாங்கினால் ருசி மட்டும்தான் தெரியும். தோப்பில் செந்தூரா எது, பெங்களூரா எது, பீத்தர் எது என்று மரத்தைக் காட்டிச் சொல்வார்கள். பெங்களூராதான் கூழ் ஆலைக்குப் போகிறது. அந்த மாங்கூழ் டப்பாவில் அடைபட்டு வெளிநாடு போகிறது. தோப்புக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிட்டுப் போக வேண்டும். காய் பறிக்கும் நேரத்தில் திடீரென்று நான்கு பேர் போய் நின்றால் யாருக்கும் பேச நேரம் இருக்காது.

ஆடியிலிருந்து புரட்டாசி வரை காவிரி ஆறு. ஐப்பசிக்குப் பிறகு வத்தல்மலை, கல்திட்டைகள். ஆனால் இந்தக் குளிர்மாதங்களில்தான் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைக் கூட்டங்கள் ராகி வயல்களுக்கு இறங்குகின்றன. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, தளி காட்டுச் சாலைகளில் பொழுது சாய்ந்தபின் இரு சக்கர வண்டியில் போகவே போகாதீர்கள்.

5. ஒரு நாளுக்கு ஓர் இடம்

இதில் நான் பிடிவாதக்காரன். ஒரே நாளில் கிருஷ்ணகிரி அணை, ராயக்கோட்டை, ஓசூர் சந்திரசூடேஸ்வரர் கோயில் என்று மூன்றையும் முடித்துவிட்டு வந்த ஒரு குழுவிடம் எதுவும் ஞாபகம் இல்லை. எந்தப் படம் எந்த ஊரில் எடுத்தது என்று அவர்களுக்குள்ளேயே சண்டை.

வெளிநாடு போனால் நேரம் காசு, அதனால் ஓடுவோம். இங்கே அந்த அவசரம் கிடையாது. இந்த ஒரு வசதி நமக்கு மட்டும்தான். அதை வீணாக்காதீர்கள்.

முடிந்தவரை பஸ்ஸில் போங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. எங்கள் குழுவில் அதிகம் சுற்றுவது பெண்கள்தான். இன்னொரு காரணமும் உண்டு. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்கிற வழி எந்த வரைபடத்திலும் கிடையாது. ரயிலை மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரியில் ரயில் நிலையம் இல்லை. தருமபுரி, பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர் எல்லாம் சேலம் – பெங்களூரு பாதையில் வரும். மொரப்பூர் வேறு பாதை, ஜோலார்பேட்டை – சேலம். வெளியூர் நண்பரை வரவழைக்கும்போது இதில் குழம்பினால் அவர் எங்கோ இறங்கி நிற்பார்.

6. ஒகேனக்கல்: தனியாகச் சொல்ல வேண்டிய இடம்

அதிகம் பேர் போவதும் அதிகம் பேர் ஏமாந்து வருவதும் இங்கேதான். தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக சுமார் 46 கிலோமீட்டர். ஒன்றேகால், ஒன்றரை மணி நேரப் பயணம்.

முதல் நாள் இரவே நீர்வரத்தைப் பாருங்கள். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் அளந்து விநாடிக்கு இத்தனை கன அடி என்று செய்தியில் சொல்வார்கள். கர்நாடக அணைகளிலிருந்து தண்ணீர் திறந்தாலோ, மேலே மழை பெய்தாலோ ஒரே நாளில் ஏறிவிடும். ஏறினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போட்டுவிடும். இதைப் பார்க்காமல் குடும்பத்தோடு வேன் பிடித்துப் போய், தடுப்புக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியவர்களை எனக்கே நாலைந்து பேரைத் தெரியும். கோடையில் இதற்கு நேர் எதிர். தண்ணீர் இறங்கியிருக்கும். அருவி மெலிந்திருக்கும், ஆனால் பாறையின் வடிவம் அப்போதுதான் தெரியும். எனக்கு அந்த ஒகேனக்கலும் பிடிக்கும். ஒரே வருடத்தில் இரண்டு முறை, வெள்ளம் வடிந்த பின் ஒரு தடவையும் கோடையில் ஒரு தடவையும் போங்கள்.

ஞாயிறு வேண்டாம். ஆடிப்பெருக்கு அன்றும் முதல் தடவையாகப் போக வேண்டாம். கூட்டத்தைப் பார்க்கலாமே தவிர ஆற்றைப் பார்க்க முடியாது. வாரநாளில் காலை எட்டு மணிக்குள் போய்ச் சேருங்கள்.

போனதும் செய்யும் வரிசை இது: முதலில் பரிசல், பிறகு எண்ணெய் தேய்த்துக் குளியல், அதன்பின் சாப்பாடு. இதை மாற்றினால் கஷ்டம். எண்ணெய் தேய்த்த உடம்போடு பரிசலில் ஏறினால் பிடிமானம் இருக்காது. வயிறு நிறைய மீன் தின்றுவிட்டு அருவியில் நின்றால் குமட்டும்.

பரிசலுக்கு அறிவிப்புப் பலகையில் உள்ள கட்டணத்தைப் பார்த்து, சீட்டு வாங்கிக்கொண்டு ஏறுங்கள். பாதுகாப்பு உடுப்பை கழுத்தில் மாட்டினால் போதாது, பட்டையை இழுத்துக் கட்ட வேண்டும். நடுவில் எழுந்து நின்று படம் எடுக்காதீர்கள். பரிசல் வட்டமானது. எடை ஒரு பக்கம் போனால் சாய்ந்துவிடும். ஓட்டுகிறவரிடம் பேசுங்கள். எங்களை ஓட்டிப் போன பெரியவர், “தண்ணி நெறம் பாருங்க. செவப்பா வந்தா மேல மழைன்னு அர்த்தம்” என்றார். அதைக் கேட்டபிறகு நான் ஆற்றின் நிறத்தைப் பார்க்காமல் இறங்கியதில்லை.

கரையில் மீனை வாங்கிக் கொடுத்தால் அங்கேயே குழம்பும் வறுவலும் செய்து தருகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். இறங்கும் முன்பே மீனைக் கொடுத்துவிட்டுப் போனால் குளித்து வரும்போது தயாராக இருக்கும். களி கேட்டால் சில இடங்களில் செய்து தருவார்கள். கையில் இருக்கும் தின்பண்டப் பையைக் குரங்கு பார்க்காமல் வையுங்கள்.

திரும்பும்போது வெளிச்சம் இருக்கையிலேயே கிளம்புங்கள். பென்னாகரம் வரை காட்டு வழி. யானை குறுக்கே வரும் பாதை.

7. கோட்டையும் கல்லும்

கிருஷ்ணகிரி மலைக்கோட்டையும் ராயக்கோட்டையும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. இரண்டுக்கும் ஒரே விதி. விடிந்தவுடன் ஏறத் தொடங்கி, பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள். பாறை சூடானால் நிழல் கிடையாது. மேலே குடிநீர் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். மழைக்காலத்தில் வழுக்கும். தனியாக ஏறாமல் மூன்று பேராவது சேர்ந்து போங்கள்.

மேலே போய் உடனே படம் எடுக்க ஓடாதீர்கள். பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, கீழே தெரிகிற சாலைகளை அடையாளம் பாருங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் சேலத்துக்கும் சாலை பிரிவதைப் பார்த்தால் இந்த மலையில் ஏன் கோட்டை கட்டினார்கள் என்பது யாரும் சொல்லாமலே புரியும்.

தருமபுரிப் பக்கத்தில் அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்து விதான ஓவியங்களைப் பாருங்கள். டார்ச் கொண்டுபோங்கள், ஆனால் ஓவியத்தின் மேல் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். அதே சாலையில் காலபைரவர் கோயிலும் இருக்கிறது. தேய்பிறை அஷ்டமி அன்று போனால் அந்தப் பக்கமே நகர முடியாத கூட்டம். நாள்காட்டியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தருமபுரி கோட்டைக் கோயிலில், தரையைத் தொடாத தொங்கும் தூணுக்கு அடியில் துணியை விட்டு இழுத்துப் பார்க்கிறார்கள். வேண்டாம். குனிந்து பார்த்தாலே இடைவெளி தெரியும்.

பயணத்தை நேசிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கல் உண்டு. தருமபுரிப் பகுதியில் அதியமான் பெருவழி என்ற பழைய சாலையின் தொலைவு காட்டும் காதக் கற்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் நாவல்தாவளத்துக்குக் காதம் 29 என்று இருக்கிறது. எழுத்தில் வெட்டியதோடு நிற்கவில்லை. படிக்கத் தெரியாத வழிப்போக்கனும் தடவிப் பார்த்து எண்ணிக்கொள்ளும்படி, பத்துக்கு ஒரு பெரிய குழி, ஒன்றுக்கு ஒரு சிறிய குழி என்று வெட்டியிருக்கிறார்கள். இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி. எந்த நாட்டு விமான நிலையத்தில் அம்புக்குறியைப் பார்த்தாலும் எனக்கு இனி இதுதான் ஞாபகம் வரும்.

காட்டுக்குள் நடப்பதாக இருந்தால் வனத்துறை அனுமதி கட்டாயம். “உள்ளூர்க்காரன்தானே” என்று நுழைந்தால் அபராதம் வரும், ஆபத்தும் உண்டு. 2024-ல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் வழிகாட்டியோடு போகப் பதிவு செய்துகொள்ளலாம்.

8. சந்தைக்குப் போகும் முறை

வெளிநாடு போனால் எல்லோரும் சந்தை பார்க்கிறார்கள். இங்கே போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? உங்கள் பன்னிரண்டு நாளில் ஞாயிறை இதற்கு ஒதுக்குங்கள். ஆடு வேண்டுமா, குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தை. தக்காளி வேண்டுமா, ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டிகள். தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் பார்க்க வேண்டுமானால் அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு ஓரமாக நில்லுங்கள்.

விலை பேசும் இடத்தில் செல்போனை நீட்டக் கூடாது. ஆட்டு வியாபாரத்தில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் படம் எடுக்கப் போய்த் திட்டு வாங்கியவன் எங்கள் குழுவிலேயே இருக்கிறான். முதலில் ஏதாவது ஒன்றை வாங்குங்கள். கால் கிலோ புளியோ, ஒரு கயிறோ போதும். வாங்கியவரிடம் பேசுவார்கள், வேடிக்கை பார்ப்பவரிடம் பேச மாட்டார்கள். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் உலகத்தில் எந்தச் சந்தையிலும் கைகொடுக்கும்.

9. ஒரு ராத்திரி தங்குங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். “வீடு நாற்பது கிலோமீட்டர்ல இருக்கு, எதுக்குக் காசு குடுத்து லாட்ஜ்ல படுக்கணும்?” என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சொந்த மாவட்டத்தை நாம் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை மட்டுமே பார்த்திருக்கிறோம். ஒகேனக்கலில் பஸ்கள் எல்லாம் போன பிறகு அருவிச் சத்தம் வேறு. விடியற்காலை ஆறு மணிக்கு ஆற்றின் மேல் எழும் புகை வேறு. இரண்டையும் தங்கினால்தான் பார்க்க முடியும். சுற்றுலாத் துறையின் ஹோட்டல் தமிழ்நாடு அங்கே இருக்கிறது. வாரநாளில் அறை சுலபமாகக் கிடைக்கும். அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

வருடத்தில் ஒரு தடவை தங்கினால் போதும்.

10. மொழி தெரியாத இடத்தில் பழகுங்கள்

வெளிநாடு போவதில் பாதிப் பயம் மொழி. அதற்கு நம் மாவட்டத்தை விட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஓசூரைச் சுற்றித் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே டீக்கடையில் கேட்கும். ஒருநாள் முழுக்கத் தமிழைத் தவிர்த்துப் பாருங்கள். கைஜாடை, சிரிப்பு, தெரிந்த நாலு கன்னட வார்த்தை இவ்வளவுதான். டீ வாங்குவது, வழி கேட்பது, பஸ் நேரம் கேட்பது, விலை கேட்பது, நன்றி சொல்வது ஆகிய ஐந்து வேலையையும் முடித்துவிட்டு வாருங்கள். எங்கள் தெருப் பெண் ஒருத்தி கர்நாடகத்து ஆனேக்கல் வரை போய் முடித்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு வெளிநாட்டு விமான நிலையம் பற்றிய பயம் போய்விட்டது என்றாள்.

11. நோட்டின் பின்பக்கம்

முன்பக்கத்தில் கனவு. பின்பக்கத்திலிருந்து திருப்பி, பார்த்ததை எழுதிக்கொண்டே வாருங்கள். அன்று இரவே எழுத வேண்டும். மறுநாள் என்று தள்ளினால் எழுதவே மாட்டீர்கள். போன தேதி, செலவு, பேசிய மனிதர் சொன்ன ஒரு வாக்கியம், புரியாமல் போன ஒன்று, இந்த நான்கு மட்டும் போதும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். புரியாததுதான் உங்களை அடுத்த தடவை அதே இடத்துக்குக் கூட்டிப் போகும்.

பத்து இடம் முடிந்ததும் வெளியூர் ஆள் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். அவர் கேட்கிற கேள்விகளுக்கு பதில் தெரியாமல் நிற்கும் இடங்கள்தான் உங்கள் அடுத்த வருடப் பட்டியல். எனக்கு மதுரையிலிருந்து வந்த நண்பர், “உங்க ஊர்ல ஏன் களிக்கு இத்தனை மரியாதை?” என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியோடு போய் இரண்டு மாதம் ராகி வயல் வயலாகப் பேசிக்கொண்டிருந்தேன். மானாவாரி நிலம், குறைந்த மழை, அடுத்த மழை வரை கெடாமல் இருக்கும் தானியம் என்று ஒவ்வொருவரும் ஒரு துண்டு சொன்னார்கள்.

12. ஒருநாள் நிஜமாகவே கிளம்பும்போது

நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். அங்கே தங்கும் வீட்டில், ரயிலில், எங்கேயும் முதலில் கேட்கப்போவது “உங்கள் ஊர் எப்படி இருக்கும்?” என்பதுதான். பரிசல், கல்திட்டை, கூத்து என மூன்று படத்தைத் தாளில் அச்சடித்து நோட்டுக்குள் வையுங்கள். செல்போனில் தேடிக்கொண்டிருந்தால் பேச்சு அறுந்துவிடும்.

ராகி மாவு, புளி, ஊறுகாய் எல்லாம் நன்றாக அடைத்து, பெரிய பெட்டியில் போடுங்கள். கைப்பையில் ஊறுகாய் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். போகிற நாட்டின் உணவுப் பொருள் விதியை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், இறங்கியதும் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆனி மாதமாக இருந்தால் செந்தூரா இரண்டு கொண்டுபோகத் தோன்றும். வேண்டாம். பதப்படுத்தாத பழத்தைப் பல நாடுகள் உள்ளே விடுவதில்லை, விமான நிலையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். கிளம்புகிற அன்று காலையில் வீட்டிலேயே தின்றுவிட்டுப் புறப்படுங்கள்.